மாட்டுக் கூடையில இருந்த ஆர்கானிக் கத்திரிக்கா

முந்தாநாள் ஞாயித்துக்கிழமை. வேலை ஒண்ணே ஒண்ணுதான். கத்திரிக்கா வாங்கணும்.

மதியம் நாத்தனார் சாப்பிட வர்றாங்க. வீட்டுக்காரரோட அக்கா, நான் அண்ணின்னு கூப்பிடுவேன். ஒயிட்ஃபீல்டுல பெரிய அபார்ட்மென்ட்ல இருக்காங்க. ஸ்ரீராம்புரத்துல எங்க வீட்டுக்கு வந்தா தண்ணிகூட கையோட கொண்டுவருவாங்க. போன தடவை என் சாம்பாரை மோந்து பாத்துட்டு, "சுமதி, காய்ல மருந்து வாடை வருது. குழந்தைக்கும் இதையேவா குடுக்கறே?"ன்னு கேட்டாங்க.

பதினோரு வருஷத்துல என் சமையல் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வந்ததில்ல. இந்தத் தடவை வர வச்சே தீரணும்!

மார்க்கெட்டுல எப்பவும் மஞ்சுளாக்கா கடைதான்.

"அக்கா, மருந்து அடிக்காத கத்திரிக்கா இருக்கா?"

"எல்லாமே மருந்து அடிக்காததுதாம்மா."

ஒவ்வொண்ணும் பளபளன்னு மின்னுது. நம்பறதுக்கு நான் என்ன இளிச்சவாயா? குடும்ப குரூப்புல முந்தின நாள்தான் படிச்சிருந்தேன், புழு இருந்தா மருந்தே அடிக்கலைன்னு அர்த்தமாம்.

"ஓட்டை விழுந்ததா குடுங்க. உள்ள புழு இருந்தா ரொம்ப நல்லது."

அக்கா என்னை ஏற இறங்க பாத்தாங்க. "வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானே?"

"புழு உயிரோட இருந்தா விஷம் இல்லக்கா!" மார்க்கெட்டுக்கே கேக்கற மாதிரி கிளாஸ் எடுத்தேன்.

"அய்யோ தேவ்ரே"ன்னு கடவுளைக் கூப்பிட்டுக்கிட்டே பின்னாடி இருந்து ஒரு கூடையை இழுத்தாங்க. மாட்டுக்குன்னு ஒதுக்கினது. மாடு பக்கத்துலயே நிக்குது. மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கிச்சு. பாவம், அது எந்த குரூப்புலயும் இல்லையேன்னு நெனச்சுக்கிட்டேன்.

நான் பொறுக்கறதை பாத்து இன்னொரு அம்மா, "என்ன அது?"ன்னாங்க.

"ஆர்கானிக்"னேன். அவங்களும் குனிஞ்சு பொறுக்க ஆரம்பிச்சிட்டாங்க! மஞ்சுளாக்கா சத்தமில்லாம கூடையை கடைக்கு முன்னாடி வச்சிட்டாங்க.

வீட்ல நறுக்கினா, காய்க்குள்ள புழுவா, புழுவைச் சுத்திக் காயான்னே புரியல. மூணு கிலோவுல ஒரு குழம்புக்குத்தான் தேறுச்சு.

நாத்தனார் ரெண்டாவது வாய் எடுக்கும்போது கை நின்னுச்சு. தட்டுல ஒரு புழு, வெந்து நீட்டிப் படுத்திருக்கு!

வீட்டுக்காரர் டம்ளருக்குள்ள மூஞ்சிய ஒளிச்சுக்கிட்டார். எனக்கு உசுரே போயிடுச்சு.

"அண்ணி, அது வந்து... மருந்து அடிக்காத காய்..."

அண்ணி முகம் அப்படியே மலர்ந்துச்சு. "இதான் ஒரிஜினல் சுமதி!" போட்டோ எடுத்து அபார்ட்மென்ட் குரூப்புல போட்டாங்க. புழுவை ஓரங்கட்டிட்டு மறுபடியும் குழம்பு ஊத்திக்கிட்டாங்க. "குழம்பும் நல்லா இருக்கு"ன்னாங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சுப்பா!

கிளம்பும்போது, "எங்க பிளாக்குக்கு பத்து கிலோ வாங்கி வை."

மறுநாள் காலையிலேயே ஓடினேன். "அக்கா, அதே மருந்து அடிக்காத காய்..."

"யாரும்மா சொன்னது? அது எங்க அண்ணன் தோட்டத்துக் காய். அந்தப் புழு உள்ள பூந்துக்கும், மருந்து வெளியவே நின்னுடும். அதனால மத்த காய்க்கு ஒரு தடவைன்னா இதுக்கு மூணு தடவை அடிச்சாரு. அப்பவும் சாகல."

என் பொண்ணும் ரெண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாளே!

பாராட்டு போனா போகட்டும்னு அண்ணிக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அண்ணி உடனே, "எனக்கு அப்பவே மருந்து வாடை வந்துச்சு சுமதி. நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல."

எங்க குடும்ப குரூப்புல சேர்க்க வேண்டியது அந்த மாட்டைத்தான்.