கப்பலைத் தவறவிட்ட ஐந்தாம் குரல்

கங்காருவைப் பார்க்காமல்கூட ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்துவிடலாம். ஐந்தாம் குரல்காரர் ஒருவரைப் பார்க்காமல் ஓர் ஊரையும் தாண்ட முடியாது. அறுபதுகளில் இங்கே 'சால்ட்புஷ் நால்வர்' என்று ஒரு பாட்டுக் குழு. மெல்பர்ன் காப்பிக் கடையில் பாடிக்கொண்டிருந்து, லண்டனுக்குக் கப்பலேறி, உலகப் புகழ் பெற்றவர்கள். அந்தக் கப்பலில் ஐந்தாவதாக ஏற வேண்டியிருந்து ஏறாமல் போனவர்தான் நம் ஆள்.

ஏன் ஏறவில்லை? ஆளுக்கொரு காரணம். ஒருவருக்கு அம்மை. இன்னொருவருக்கு ஆட்டு ரோமம் வெட்டும் பருவம். எங்கள் ஜீலாங் கிளப்பின் மெர்வ் ஹாலகனுக்குப் பல்வலி.

கல்யாணமோ, கருமாதியோ, கால்பந்தில் தோல்வியோ, நால்வரின் 'வீட்டுக்கு வரேன்' பாட்டில்தான் இங்கே எதுவும் முடியும். மெர்வ் பியரைக் கீழே வைப்பார், கண்ணை மூடுவார், ஒரு காதை விரலால் அடைப்பார், அடிக்குரலில், தாளத்துக்கு ஓர் அடி முன்னதாகவே நுழைவார். இசைத்தட்டில் அப்படித்தான் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அப்படித்தான் பாடுகிறார்கள். "அந்தப் பல்லு மட்டும் வலிக்காம இருந்திருந்தா..." என்பார் பிறகு. பெரிய ஆட்டுப்பண்ணைக்காரனை வேண்டாமென்று நோரீன் இவரைக் கட்டிக்கொண்டதே அந்தப் பல்லுக்கு இரக்கப்பட்டுத்தான்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? கிளப் செயலாளரிடம் போய், "நால்வர்ல அடிக்குரல் பாடின கிளெம் ராட்லி நம்ம மெர்வோட சிநேகிதராச்சே, ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டா வராமலா போயிடுவார்?" என்றேன்.

வந்துவிட்டார். மெர்வ் இறைச்சி சுடும் அடுப்புப் புகைக்குள் போனவர் வெளியே வரவில்லை.

"போய்க் கையைக் குடேன்யா! இத்தனை வருஷமா அவனைப் பத்திதானே பேசறே?" என்றார் நோரீன்.

"சாசேஜ் கருகிடும்டி."

"கருகட்டும்!"

பாட்டு தொடங்கியது. கூட்டம் முழுவதும் வழக்கம்போல ஓர் அடி முன்னதாக நுழைந்தது. பாடிப் பேர் வாங்கிய கிளெம் மட்டும் சரியான இடத்தில் நுழைந்து தனியாக நின்றார். மெர்வால் பொறுக்க முடியுமா? புகைக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "யோவ், தப்பு! முன்னாடியே வரணும்!"

எல்லாரும் திரும்பினார்கள். கையில் இடுக்கியோடு மெர்வ்.

"யாருப்பா நீ?" என்றார் கிளெம்.

"இவரைத் தெரியலையா உங்களுக்கு?" நோரீனின் குரல் இறங்கியது. "மெர்வ்... கப்பலுக்கு வர முடியாம... பல்வலி..."

இந்த நொடிக்காகத்தான் ஒரு சிரிப்பைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். வரவில்லை.

கிளெம் நோரீனைப் பார்த்தார். இடுக்கியைப் பார்த்தார். "அடப்பாவி, பல்வலிக்காரனா! ரெக்கார்டிங்ல உன் இடம் காலியாக் கெடந்துச்சுடா. யாராவது ரொப்பணுமேன்னு பதறிப்போய் முன்னாடியே நுழைஞ்சுட்டேன். அந்தத் தப்பைத்தான் இன்னிக்கும் நாடே பாடுது!"

நோரீன் தன் கைக்குட்டையால் மெர்வின் முகத்துக் கரியைத் துடைத்தார். கரியில்லாத இடத்தையும் துடைத்தார்.

பிற்பாடு, கிளெம் கேக் தின்னும்போது கேட்டேன். "நிஜமாவே இவரைத் தெரியுமா?"

"ஊருக்கு ஒருத்தன் இருக்கான் தம்பி. எல்லாரும் ஏறியிருந்தா கப்பல் துறைமுகத்துலயே முழுகியிருக்கும்."

"அப்ப ஏன் முன்னாடியே நுழைஞ்சீங்க?"

"எனக்குச் சரியா எண்ண வராது."

இதை நான் கிளப்பில் மூச்சுவிடவில்லை. நான் வேலை பார்க்கும் பள்ளியில் மட்டும் பிள்ளைகளிடம், "எங்க மெர்வ் இல்லாததாலதான்டா அந்தத் தப்பே வந்துச்சு, கிளெம் சொன்னப்போ நான் அங்கதான் நின்னேன்" என்கிறேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கிளெமுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறேன். போன வாரம் அவர் என் தோளில் கை போட்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாளைக்கு இதை யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். பாதியில், அன்றைக்கு நீங்களும் ஜீலாங் பக்கம் போயிருந்ததாகச் சொல்ல நாக்கு துருதுருக்கும். கொஞ்சம் கடித்துக்கொள்ளுங்கள்.