ஹெரால்ட் வரிசையில் ஒரு டன்ஸ்டன்

நெதர் காட்லி, ஷ்ராப்ஷையர்.
30 ஏப்ரல் 2019, செவ்வாய்க்கிழமை.
இன்று எனக்கு எண்பத்து மூன்று வயது, ஐந்து மாதம், பத்தொன்பது நாள்.

என் தம்பி மகன் டன்ஸ்டன் கோர்ஃபீல்டுக்கு அத்தை எனிட் எழுதுவது. இங்கு நான் நலம். இடது முழங்கால் நலமில்லை, அதைப் பற்றி விசாரிக்க வேண்டாம். நீயும் ஜெம்மாவும் இன்னும் பெயர் பெறாத அந்தச் சிறு மனிதரும் நலமென்று உன் கடிதத்தின் முதல் பக்கம் கூறுகிறது. இரண்டாம் பக்கத்திலும் மூன்றாம் பக்கத்திலும் மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய். கேட்க வந்ததை நான்காம் பக்கத்தின் அடியில், மன்னிப்புகளுக்கு நடுவே, ஒளித்து வைத்திருக்கிறாய்.

அதாவது: வரும் ஞாயிறு உன் மகனின் ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தாயாக நின்று, உன் பெயரையே அவனுக்குச் சொல்ல வேண்டும். போன டிசம்பரில் நம்மை விட்டுப்போன உன் அம்மா பெரில் அந்தப் பெயரால் உன்னை ஆசை ஆசையாக அழைத்தாள், அவள் நினைவுக்காகவே இந்த முடிவு என்கிறாய். வெள்ளிக் கோப்பையில் பெயரையும் பொருளையும் பொறிக்க வேண்டுமாம். பொறிப்பவர் வெள்ளிக்கிழமைவரைதான் காத்திருப்பாராம். பழைய ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிய அத்தையால் குடும்பத்துக்கு இதுவரை வேறு பயன் ஏற்பட்டதில்லை, ஆகவே கேட்டிருக்கிறாய்.

எழுதிக்கொள். 'டன்' என்பது மங்கிய கருநிறம். 'ஸ்டன்' என்பது கல். ஆகவே கருங்கல். 'டன்' என்றால் குன்று என்று வாதிடும் கட்சி ஒன்றும் உண்டு. அவர்கள் பின்னால் போனாலும் கடைசியில் கையில் கல்தான் மிஞ்சும். விளம்பரத்தில் நாய்க்குட்டி வந்தாலே கைக்குட்டையைத் தேடுகிற நீ இந்தப் பெயரை நாற்பத்து மூன்று ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறாய்.

இதைச் சரிபார்க்கவென்று நேற்றுக் காலை அகராதியோடு ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்தேன். மரம் முழுவதும் பூ. ஓடைப்பக்கம் பனி இன்னும் கலையவில்லை. அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒரு பெட்டியில் அழகான சொற்களைப் போட்டு வைத்திருந்தார்கள் போலும். பிள்ளை பிறந்ததும் இரண்டை எடுத்து ஒட்டினார்கள், ஒட்டியது ஒரு பொருள் தருகிறதா என்று ஒருவரும் கவலைப்படவில்லை. அப்பாவின் பெயரில் பாதி, அம்மாவின் பெயரில் பாதி என்று கிழித்து ஒட்டியவர்களும் உண்டு. நான் கண்ணை மூடவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனாலும் பனிக்குள்ளிருந்து அவர்கள் வந்தார்கள். முதலில் ஆல்ஃபிரட், வனதேவதைகளிடம் யோசனை கேட்டவன், காதில் இன்னும் அந்தக் கிசுகிசுப்பு. பிறகு எட்கர், செல்வமும் ஈட்டியும், இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல். சமாதானத்தை விரும்பும் வில்ஃபிரட் வேலியைத் தாண்டலாமா என்று ஆட்டிடம் அனுமதி கேட்டான். கடைசியில் ஜார்ஜ், கிரேக்க தேசத்திலிருந்து ஏர் பிடித்த கையோடு. பேர்தான் ராஜா பேர், பொருள் வெறும் உழவன். அவர்கள் தோள்மேல் எல்லாம் ஆப்பிள் பூ விழுந்தது. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை, அடுப்பில் கெட்டில் வைத்திருந்ததும் தோன்றவில்லை, அப்போது வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஆட்டுப்பண்ணைக்காரர் பியூ கத்தினார்.

"எனிட் அம்மா! உங்க சன்னல்ல புகை வருது! நீங்க என்ன, செத்துக்கித்துப் போயிட்டீங்களா, இல்ல யோசிக்கிறீங்களா?"

"யோசிக்கிறேன்."

"அப்ப நீங்களே போய் எறக்குங்க. செத்திருந்தா நான் வந்திருப்பேன்."

இருந்தாலும் வந்தார். வந்தவர் படலைத் திறந்தபடி விட்டார்; அவர் பின்னால் ஏழு ஆடுகள் வந்தன. கெட்டிலின் அடி போய்விட்டது, டூலிப் பூச்செடி வரிசை போய்விட்டது, உன் கடிதத்தின் மூன்றாம் பக்கமும் ஓர் ஆட்டின் வாய்க்குள் போய்விட்டது. அதில் மழைதான் இருந்தது என்பதால் நான் போராடவில்லை. பியூ தொப்பியைக் கழற்றி, பெயர் விஷயம் கேட்டு, தன் குறையைக் கொட்டினார்.

"எங்க பேரனுக்கு மேவரிக்னு வச்சிருக்கா என் மக. அமெரிக்காப் பேராம். அர்த்தம் என்னடின்னா, சூடு போட்டு அடையாளம் வைக்காத கன்னுக்குட்டியாம்! அடையாளமில்லாத கன்ன சந்தையில எவன் வாங்குவான்?"

"விக்கப்போறீங்களா?"

"அவன் அழற அழுகைக்கு, யாராச்சும் கேட்டா பாப்போம்."

இனி உன் பெயரின் கதைக்கு வருகிறேன். 1976 மார்ச்சில் நம் வீட்டில் மூன்று ஹெரால்டுகள் உயிரோடு இருந்தார்கள்: என் தாத்தா, என் அப்பா, என் தம்பியாகிய உன் அப்பா. ஹெரால்ட் என்றால் படையை ஆள்பவன். மூவரும் சேர்ந்து ஆண்டது பன்னிரண்டு பன்றிகளை. மேசையில் யாராவது 'ஹெரால்ட், உப்பை நகர்த்து' என்றால் மூன்று கை நீளும், உப்பு கவிழும். நான்காவது ஹெரால்டாக நீ வந்தாய். கேக்கின் மேல் ஹெரால்ட் என்று நீலச் சர்க்கரையில் எழுதியாயிற்று. ஞானஸ்நானத்தன்று ஆலயத்தில் நான் உன்னை ஏந்தி நின்றேன். வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்து உன் நெற்றி பச்சையாயிற்று, பிறகு சிவப்பாயிற்று, என் மனம் அந்த நிறத்தோடு எங்கோ போய்விட்டது. 'இக்குழந்தைக்குப் பெயரிடுங்கள்' என்றார் பாதிரியார். 'டன்ஸ்டன்' என்றேன். ஞானத்தாய் வாயில் வந்ததைத்தான் அவர் சொல்லித் தண்ணீர் ஊற்றுவார், ஊற்றினால் ஊற்றியதுதான்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்திருப்பார். நம்மவர்களில் என் அப்பா ஒருமுறை இருமினார். அவ்வளவே. பெற்றோர் மனம் மாறிவிட்டார்கள் என்று விருந்தினர் நினைத்தார்கள். பெரில் மாற்றியிருப்பாள் என்று உன் அப்பா நினைத்தான். கேட்பது மரியாதையில்லை என்று எல்லோரும் கேக் தின்றார்கள். சர்க்கரையிலிருந்த ஹெரால்டை யாரோ வெண்ணெய்க் கத்தியால் வழித்திருந்தார்கள். "வித்தியாசமா இருக்கு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நம் ஊரில் அதைவிடக் கொடிய தீர்ப்பு இல்லை. என் அப்பா அதன்பின் இரண்டு ஆண்டுகள் என்னிடம் வானிலை மட்டுமே பேசினார். பல்கலைக்கழகம் ஒரு பெண்ணை இப்படியாக்கிவிட்டது என்று குடும்பம் முடிவுகட்டியது, நானும் மறுக்கவில்லை.

போன வியாழன் ஜெம்மா குழந்தையோடு வந்தாள். "டன்ஸ்டன்னு பேரு வைக்கிறீங்களாமே, உனக்குப் புடிச்சிருக்கா?" என்றேன்.

"நல்ல பேருதான் அத்தை. அவங்க அம்மா ஆசப்பட்ட பேரு. நான் என்னத்த சொல்ல?" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடம் புல்லையே பார்த்தாள். புல்லில் ஒன்றுமில்லை.

எனினும் தீர்மானிக்க வேண்டியவர்கள் நீங்கள். ஞாயிறு பதினொரு மணிக்கு முழங்காலையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ விரும்பியபடியே டன்ஸ்டன் என்பேன். உன் மகனுக்கு நல்ல பசியும் நல்ல உறக்கமும் கிட்டட்டும். கேட்க நினைத்ததை முதல் பக்கத்திலேயே எழுதும் துணிவும் கிட்டட்டும். ஜெம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அத்தை எனிட் கோர்ஃபீல்ட்.

பி.கு. ஒட்டிய உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். மேலே நான் எழுதியது குடும்பத்துக்குச் சொன்ன கதை. அன்று காலை ஆலய முகப்பில் உன் அம்மா உன்னை என் கையில் வைத்தவள், கையை விடவில்லை. "அண்ணி, ஹெரால்ட் மட்டும் வேணாம். மூணு ஹெரால்டுக்குச் சட்டை தேய்ச்சு தேய்ச்சு எனக்கு அலுத்துப்போச்சு. நான் ஒரு பேர் நெனச்சு வச்சிருக்கேன், அதச் சொல்லிடுங்க. நீங்க படிச்சவங்க, உங்களை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க," என்று காதில் ஒரு பெயரைச் சொன்னாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வெயிலில் அதைத் தொலைத்துவிட்டேன். பாதிரியார் கேட்டபோது ஹெரால்ட் இல்லை என்பது மட்டுமே நினைவிருந்தது. குனிந்து, என் காலடித் தரைக்கல்லின் கீழ் என்றோ அடக்கமான கம்பளி வியாபாரியின் பெயரை அந்தக் கல்லில் படித்தேன். கேக் வெட்டும்போது நினைவு வந்தது. சமையலறைக்கு ஓடினேன். அவள் வெண்ணெய்க் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பரவால்ல அண்ணி. இப்பப் போயி மாத்துனா எல்லாருக்கும் சங்கடம். நான் இருக்கறவரைக்கும் மூச்சு விடாதீங்க," என்றாள். பிறகு ஒரு கருங்கல்லை ஆயுள் முழுவதும் ஆசையாகவே அழைத்தாள். பொறிப்பவரிடம் பொறுக்கச் சொல். ஜெம்மாவை உட்கார வைத்துக் கேள். ஞாயிறு நான் என்ன சொல்ல வேண்டுமென்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள், இந்த முறை காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படிப்பேன். உன் அம்மா என் காதில் சொன்ன பெயர் ஹ்யூ. நார்மானியரோடு கடல் கடந்து வந்தது. பொருள்: மனம்.