போனுக்குள் வைத்த நேர்த்திக் காசு

கொட்டாஞ்சேனை,
வியாழக்கிழமை மாலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த கிளறன்ஸ் மாமாவுக்கு, உங்கள் தங்கை ஐறீனின் மகள் டெனிஷா எழுதுவது.

முதலில் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். வத்தளைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆறும் ஒரு பஸ்ஸும்தான் இருக்கின்றன. அப்படியிருக்க இவள் என்ன பெரிய மனுஷிபோலக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். நேரில் வந்தால் மாமி தேத்தண்ணி தருவா. நீங்கள் "வேலை எப்பிடிப் போகுது பிள்ளை?" என்று கேட்பீர்கள். நான் "நல்லாப் போகுது மாமா" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பி வந்துவிடுவேன். எழுத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு.

மாமியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். றமேஷ் மச்சானுக்கும் என் அன்பு. அம்மா சுகம். நானும் சுகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்னவென்று நீங்கள் ஒருமுறை கேட்டு, நான் சரியாகச் சொல்லவில்லை. கடைகளுக்குப் போய், போனால் காசு கட்டுகிற கியூஆர் ஸ்டிக்கரை ஒட்டச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை. வாய் திறக்காத என்னை இதற்கு எப்படி எடுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. கடைக்குள் போய் ஸ்டிக்கரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பேன். முதலாளிமார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாவம் என்று ஒட்ட விடுவார்கள். இப்படியே எங்கள் தெரு முழுவதையும் முடித்துவிட்டேன். கடைசியில் அம்மாவின் இடியப்பச் சட்டி இருக்கும் மேசையிலும் ஒன்று ஒட்டினேன். அதோடு எங்கள் வீட்டுக்குள் தாள்காசு வருவது நின்றது.

அம்மாவின் பால்மா டின் உங்களுக்கு நினைவிருக்கும். மூடியில் துளை போட்டு, முன்னால் அந்தோனியார் படம் ஒட்டியது. என் வேலை நிரந்தரமானால் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோவில் வாசலில் கையேந்தி இருப்பவர்கள் எல்லோருக்கும் பாண் கொடுப்பதாக அம்மா நேர்ந்து, இடியப்பம் விற்ற சில்லறையில் ஒவ்வொரு நாளும் அதற்குள் போட்டுவந்தா. போன மாதம் நிரந்தரக் கடிதம் வந்தது. நான் படித்த பிள்ளை அல்லவா, டின்னைப் பார்த்தேன். இவ்வளவு சில்லறை வட்டியும் இல்லாமல் பாதுகாப்பும் இல்லாமல் கிடக்கிறதே என்று தோன்றியது. அம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அந்தோனியாரின் காசு முழுவதையும் வங்கியில் கொண்டுபோய்ப் போட்டு என் போனுக்குள் கொண்டுவந்துவிட்டேன். அம்மா திரும்பி வந்து டின்னை ஆட்டிப் பார்த்தா. சத்தமில்லை. போனைக் காட்டினேன். திரையில் தொகையைப் பார்த்து, "இதுக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டா. "ஓம் அம்மா, இதுக்குள்ளதான்" என்றேன். இந்த ஒரு வசனம் பிறகு எங்கே போய் முடிந்தது என்பதுதான் இந்தக் கடிதம்.

இந்தச் செவ்வாய்க்கிழமைதான் நேர்த்தி. அலுவலகத்தில் அரை நாள் லீவு எடுத்தேன். வீட்டில் கிடந்த கடைசிச் சில்லறை திரீவீலுக்குப் போயிற்று. பூசை நடந்துகொண்டிருந்தபோது மின்விசிறிகள் நின்றன. யாரும் கவலைப்படவில்லை, சுவாமியாரின் குரல் மட்டும் திடீரென்று சின்னதாகிவிட்டது. வெளியே வந்து பாண் வாங்கப் போனால் தெரு முழுக்க இருட்டுக் கடைகள். முழு நாட்டிலும் கரண்ட் இல்லையாம் என்று ஆள் ஆளுக்குச் சொன்னார்கள். என் போனில் சார்ஜ் நிறைய இருந்தது, சிக்னல்தான் ஒரு கோடுகூட இல்லை. சந்தியில் ஏடிஎம் செத்துக் கிடந்தது. காவலாளி அதற்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, மரித்த வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வதுபோல் எல்லோருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பௌஸி நானாவின் பேக்கரியில் பாண் வேகிற போறணை விறகில் எரிவது. அதனால் பாண் மட்டும் சுடச்சுட இருந்தது. அந்தப் பாணுக்கு மேலே சுவரில் நான் ஒட்டிய ஸ்டிக்கர். நானா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒங்கட ஸ்டிக்கர் இண்டைக்கு லீவு போல, தங்கச்சி."

நான் போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினேன். நானாவே அம்மாவிடம், "பரவாயில்ல அக்கா, பாண எடுத்துட்டுப் போங்க. சல்லி பொறகு தாங்க" என்றார்.

நல்ல மனிதர். பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும், ஆனால் அம்மா நகரவில்லை.

"கடனுக்கு நேர்த்தி செலுத்துறதா? பிறகு பாண் குடுத்தது ஐறீனா பௌஸியா எண்டு அந்தோனியாருக்கே குழப்பம் வந்திடும்."

"அவருக்கு என்ன கொழப்பம்? செவ்வாக்கிழமைல அவர்ட ஆக்கள் முழுக்க நம்மட கடையிலதானே பாண் வாங்குறாங்க!"

"இல்லத் தம்பி. நேர்ந்தது நான். காசு என்ட கையால வரோணும்."

இதற்குள் கோவில் வாசலில் வரிசை சேர்ந்துவிட்டது. போன செவ்வாயே அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தா. வரிசையின் முதலில் ராக்கம்மா. பூசைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த மனுஷி, வாசலில் அவவின் இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். வெறுங்கையோடு வந்த எங்களைப் பார்த்து, "என்ன ஐறீனம்மா, பாணு பின்னால நடந்து வருதா?" என்று கேட்டா. அம்மா தலை குனிந்து நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை மாமா. வாடகைக்கு வீட்டுக்காரர் வந்து கத்திய நாட்களில்கூட அம்மா நிமிர்ந்துதான் நின்றா.

நான் மெதுவாக, கரண்ட் இல்லை, காசு போனுக்குள் இருக்கிறது, எடுக்க முடியவில்லை என்று விளங்கப்படுத்தினேன்.

"ஓ, அந்த ஸ்டிக்கர் புள்ள நீதானா?" என்றா ராக்கம்மா. "ஒன்னாலதான் எனக்கு யாவாரம் படுத்துக் கெடக்கு. முந்தியெல்லாம் கடைக்குப் போய்ட்டு வாரவுங்க மிச்சச் சில்லறைய மடியில போட்டுட்டுப் போவாங்க. இப்ப போனத்தான் ஆட்டிக் காட்டுறாங்க. அதுலேருந்து என்னாத்த விழும்?"

வரிசை சிரித்தது. நானும் சிரிக்க முயன்றேன், முடியவில்லை. எத்தனை கடைகளில் ஒட்டினேன் என்று மாதா மாதம் அறிக்கை கொடுக்கிறவள் நான். அதில் ராக்கம்மாவின் மடியைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அப்போதுதான் அம்மா என் பக்கம் திரும்பினா.

"காசு இதுக்குள்ளதான் இருக்கெண்டு நீதானே சொன்னனீ?"

"ஓம் அம்மா, ஆனா..."

"இருக்கா இல்லையா?"

"இருக்கு."

அவ்வளவுதான். போனை என் கையிலிருந்து பிடுங்கி ராக்கம்மாவின் கையில் வைத்தா. "இந்தா. என்ட நேர்த்திக் காசு முழுக்க இதுக்குள்ள இருக்கு. இதை வச்சுக்கொண்டு மாத்தித் தா. இது கடனில்ல, காசுக்குக் காசு."

ராக்கம்மா போனை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தா. "இது எத்தன பாணு வரும்?" என்று பக்கத்தில் கேட்டா. அங்கே சின்ன மகாநாடே நடந்தது. பிறகு மடி முடிச்சு அவிழ்ந்தது. மற்றவர்களும் அவரவர் பைகளை அவிழ்த்தார்கள். அன்று அந்தத் தெருவில் கையில் சில்லறை இருந்தது, பாணுக்காக வரிசையில் நின்றவர்களிடம் மட்டும்தான். வங்கியும் நாங்களும் கணக்குக்குள் சேர்க்காதவர்கள். அதனாலேயே கரண்ட் போனது அவர்களுடைய காசுக்குத் தெரியவில்லை. என் காசுக்கோ என் போனில், கடையில், சிக்னல் கோபுரத்தில், வங்கியில் என்று நாலு இடத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வேண்டும். பல்கலைக்கழகத்தில் இது எனக்குப் படிப்பித்ததுதான். வாசலில் நின்றபோதுதான் விளங்கியது.

சில்லறை மூட்டையைக் கண்டு பௌஸி நானாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலையிலிருந்து மிச்சம் கொடுக்க வழியில்லாமல் தவித்தவர், மேலதிகமாக இரண்டு பாணைப் பெட்டிக்குள் போட்டார். அம்மா அந்த இரண்டையும் எடுத்துத் திருப்பி வைத்தா, நேர்த்தி கலந்துவிடுமாம். அம்மா தன் கையால் எல்லோருக்கும் பாண் கொடுத்தா. வரிசையின் கடைசியில் நின்ற செபஸ்தியன் ஐயா பாணை மணந்து பார்த்துவிட்டு, "எங்கட சல்லியில வாங்கி எங்களுக்கே தர்மமா? நல்லாயிருக்கு. அரசாங்கம் நடத்தப் பழகுறீங்கபோல" என்றார்.

பின்னேரம் கரண்ட் வந்தது. ஏடிஎம் வரிசையில் நின்று காசு எடுத்துக்கொண்டு ஓடினேன். ராக்கம்மா முகம் சுளித்தா. "நாங்க குடுத்தது சில்லற. நீ நோட்டக் குடுக்குற. இத யாரு மாத்துவா?" மறுபடியும் பௌஸி நானா. காலையில் கொடுத்த அதே மூட்டையை வாங்கிவந்து கொடுத்தேன். போனைத் தந்துகொண்டே ராக்கம்மா, "ஒங்க மேனேஜர் ஐயா பேசுனாரு" என்றா. "புள்ள எங்கன்னு கேட்டாரு. கோவில் வாசல்ல எங்ககூடத்தான் இருந்துச்சு, போன அடமானம் வச்சிட்டுப் போயிருச்சுன்னு சொன்னேன். நல்ல மனுஷன், ஒன்னுமே பேசல."

ஆனால் என் கவலை மேனேஜர் இல்லை மாமா, அம்மா. வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டுத் தீர்ப்புச் சொன்னா: "பாண் வாங்கினது ராக்கம்மாட சில்லறையில. அப்ப நேர்த்தியும் அவட. என்ட நேர்த்தி நிறைவேறேல்ல. நிறைவேறாத நேர்த்தியில கிடைச்ச வேலை நிக்காது. அது உன்னைக் கைவிட முந்தி நீ அதை விட்டிடு." அழவும் இல்லை, ஏசவும் இல்லை. வெறும் டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்தா. அது ஏச்சைவிட மோசம்.

போன கிறிஸ்மஸ் அன்று நீங்கள் கேட்டீர்கள்: "கரண்ட் போனா உன்ட சல்லி எங்க போகும் பிள்ளை?" அன்று நான் சிரித்தேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் கேட்டது சரியான கேள்வி. உங்கள் அலுமாரிக்குள் உறை உறையாக வைத்திருக்கும் காசு அன்று ராக்கம்மாவின் மடிக்குச் சமம். அம்மாவின் மனத்தை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. ராஜினாமாக் கடிதத்தை நேற்றே எழுதிவிட்டேன். இனி டின்னுக்குப் பக்கத்திலும் போகமாட்டேன். என்னை மன்னித்து, உங்கள் செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தோனியார் உங்கள் வீட்டையும், மாமியின் முழங்காலையும், உறைகளையும் காக்கட்டும்.

பணிவுடன்,
மருமகள் டெனிஷா.

பி.கு.: ராஜினாமாக் கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அதைக் கொடுக்க எனக்குத் துளியும் விருப்பமில்லை மாமா. இந்த வேலையின் நிரந்தரக் கடிதம்தான் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது, அம்மா அதைத் தலையணைக்குக் கீழ் வைத்துத்தான் இன்னும் படுக்கிறா. அம்மா உங்கள் சொல்லை மட்டும்தான் கேட்பா. வருகிற செவ்வாய் வந்து, நேர்த்தி சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவீர்களா? பஸ் காசை றமேஷ் மச்சானின் போனுக்கு அனுப்பிவிட்டேன். கரண்ட் இருக்கும்போதே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.