சும்மா டாக்டர் யாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை?

ராயபுரத்தில் சும்மா உட்கார்ந்தே சம்பாதித்த முதல் மனிதர் என்ற பெருமை சும்மா டாக்டருக்குத்தான் உண்டு. பொறுப்போடுதான் சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் எது எப்போது முதன்முதலாக நடந்தது என்று தேடிப் பிடித்து, தப்பாகச் சொல்பவர்களைத் திருத்துவது என் பொழுதுபோக்கு. அவருக்கு முன்பும் சும்மா உட்கார்ந்தவர்கள் ஏராளம். சம்பாதித்தவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே நாற்காலியில் செய்து காட்டியவர் இவர்தான்.

அவர் டாக்டரே இல்லை. ‘மனநல ஆலோசகர்’ என்று பலகையில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. நான் குடியிருக்கும் கட்டடத்தில், மீன்வலை விற்கும் வலைக்கடைக்கு மேலே இருந்த அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அவர் தன் ‘கடை’யைத் திறந்த அன்றே, தெருமுனையில் மீன் விற்கும் அஞ்சலை மாடியேறிப் பார்த்துவிட்டு வந்து தெருவுக்கு அறிக்கை கொடுத்தாள்.

"ஊசி இல்ல, மாத்தர இல்ல, நெஞ்சுல வெச்சுப் பாக்குற கொழா கூட இல்ல. ரெண்டு நாற்காலி கீது. மூக்கு தொடைக்கிற பேப்பரு ஒரு டப்பால கீது. இன்னா நைனா பண்ணுவேன்னு கேட்டேன். ‘நீங்க பேசுங்க, நான் கேக்குறேன்’ன்றாரு. சொம்மா கேப்பாராம்! அத்த என் வூட்டு மாடு கூடத்தான் கேக்குது!"

பெயர் அன்றைக்கே நிலைத்துவிட்டது.

ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த வழக்கத்தோடு வந்ததுதான் சிக்கல். ரயில்வேயில் ஓய்வு பெற்ற லாசர் அண்ணன், உடன்பிறந்த தம்பியோடு பேச்சுவார்த்தை அற்றுப்போன கதையைக் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகச் சொல்லி முடித்தார். பிறகு எழுந்து, மாதா கோயிலில் பாவமன்னிப்புக் கேட்பவர்போல் தலை குனிந்து, பணிவாகக் கேட்டிருக்கிறார்: "எத்தினி ஜெபம் சொல்லணும்?"

"ஜெபம் எல்லாம் இல்லீங்க. அடுத்த வாரம் வாங்க."

லாசர் மாடிப்படியில் இறங்கும்போதே தெரு முழுவதற்கும் கேட்டது. "மொத்த பாவத்தையும் எறக்கி வெச்சுக்கீறேன். ஒரே ஒரு ஜெபமாவது குடுக்க வேணாமா? கோயில்ல சாமியாரு இதுக்குப் பாதி நேரத்துல மன்னிச்சு வூட்டுக்கு அனுப்பிடுவாரு. இவுரு அடுத்த வாரமும் வான்றாரு. அடுத்த வாரத்துக்குப் பாவத்துக்கு நான் எங்க போறது?"

கடைசியில் தினமும் கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னார் டாக்டர். லாசர் அதையே தண்டனையாக ஏற்றுக்கொண்டு, ஜெபமாலையை உருட்டியபடி கடலோரச் சாலையில் முகம் மலர நடந்தார்.

மீனவக் குடும்பத்துப் பெண்கள் நேர் எதிர். அவர்கள் போய் உட்கார்ந்து வாயே திறக்க மாட்டார்கள். டாக்டரும் தொழில் முறைப்படி வாயைத் திறக்க மாட்டார். சுவர்க் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். அப்படிப் போய்வந்த ஒருத்தி அஞ்சலையிடம் கொதித்தாள்.

"சொல்லுங்கம்மான்றாரு. நீ சொல்லுன்னேன். இன்னா சொல்லணும்ன்றாரு. எனக்கு இன்னா பேஜாருன்னு நீதாம்பா சொல்லணும்! குறி சொல்ற அம்மா, நான் வாசல்ல செருப்பு கயட்டும்போதே சொல்லிடும். இவ்ளோ படிச்சுட்டு என்னியே கேக்குறியேன்னு வந்துட்டேன்."

மாலையில் ஆள் இல்லாத நேரத்தில் டாக்டர் கீழே வந்து என்னோடு தேநீர் குடிப்பார். யாருடைய கதையையும் சொல்ல மாட்டார். தன் தொழிலைப் பற்றி மட்டும், கேட்டால், ஒளிக்காமல் சொல்வார்.

"எல்லாரும் நான் மனசைப் படிக்கிறேன்னு நினைக்கிறாங்க சார். பாதி நேரம் கொட்டாவியை மூக்கு வழியா விடுறது எப்படின்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். மீதி நேரம், இவங்க சொல்றதைக் கேட்டு நான் அழுதுடக் கூடாதேன்னு."

"வீட்டில் போய்ச் சொல்லி ஆற்றிக்கொள்ளலாமே?"

"சொல்லக் கூடாது. ‘இன்னிக்கு என்ன நடந்துச்சு’ன்னு வீட்டம்மா கேப்பாங்க. ஒண்ணும் நடக்கலைன்னு சொல்வேன். ஒண்ணுமே நடக்காத ஆபீசுக்கு எதுக்கு தினமும் போறீங்கன்னு கேப்பாங்க."

"சரி, ஒருவர் குணமாகிவிட்டார் என்று எப்படித் தெரியும்?"

"வரமாட்டாங்க."

"குணமாகவில்லை என்றால்?"

"அப்பவும் வரமாட்டாங்க."

இவ்வளவு நேர்மையாகத் தன் தொழிலை விளக்கிய வேறொருவரை நான் சந்தித்ததில்லை. அரசியல்வாதிகளையும் வரலாற்றாசிரியர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

சும்மா டாக்டருக்கு இன்னொரு குணமும் உண்டு. தெருவில் இறங்கினால் எதிர்ப்படும் எல்லோருக்கும் வணக்கம் வைப்பார். பால்காரர், தபால்காரர், தூய்மைப் பணியாளர், சுவரில் சிரிக்கும் வேட்பாளர், ஒருவரையும் விடமாட்டார். தன்னிடம் வருகிறவர்களை மட்டும் கண்டுகொள்ளவே மாட்டார். அது ஆலோசகர்கள் தொழிலின் விதி. "நாங்களா முதல்ல பேசக் கூடாது சார். ‘இவரை உனக்கு எப்படித் தெரியும்’னு கூட வர்றவங்க கேட்டா, அவங்க என்ன பதில் சொல்வாங்க?"

மிக நல்ல விதி. மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்காத ஊரில் வகுத்திருக்கிறார்கள். ராயபுரத்தில், வணக்கம் வைக்காமல் போன ஒருவரின் பேரனோடு இன்னும் சண்டை நடந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. இங்கே ஊருக்கெல்லாம் சிரிக்கிற மனிதர் ஒருவரைப் பார்த்து மட்டும் முகத்தைத் திருப்பினால் தெரு சும்மா இருக்குமா?

அஞ்சலைதான் கண்டுபிடித்தாள். தெருமுனையில் அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது. சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே அறிவித்தாள்: "நல்லாக் கேட்டுக்கோங்க. சொம்மா டாக்டரு யாரப் பாத்து சிரிக்கலியோ, அவன் கேஸு."

அன்று முதல் டாக்டர் கடைக்குப் போகும் வழியெல்லாம் வேடிக்கை பார்க்க ஆள் நின்றது. "எலக்ட்ரீசியனுக்கு சிரிப்பு இல்லியா? அடப்பாவி, அவனும் கேஸா!" யாருக்கும் தெரியக் கூடாது என்று மனிதர் கழுத்தைத் திருப்பத் திருப்ப, பட்டியலை அவரே தெருவுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

அதில் மாட்டியவன்தான் டில்லி. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் டிரைவர். கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்து படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தபோது, வலைக்கடைக்கு நூல் வாங்க வருவதுபோல் வந்து, டாக்டர் அறைக்குப் போகும் பின்படியில் ஏறுவான். இது நடந்தது ஆடியில் என்று அஞ்சலை இன்றும் சாதிப்பாள். தடைக்காலம் ஆடிக்கு முன்பே முடிந்துவிடும் என்று நானும் இன்றுவரை திருத்திக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காலையில் மீன் மார்க்கெட் வாசலில் டாக்டர் இருபுறமும் வணக்கம் வைத்துக்கொண்டே வந்தார். எதிரே டில்லி, தன் படகு ஆட்கள் புடைசூழ வந்தான். டாக்டர் சட்டென்று கழுத்தைத் திருப்பி ஒரு கூடை நெத்திலியைக் கவனமாகப் பார்வையிட்டார். மத்தியானத்துக்குள் செய்தி துறைமுகம் முழுக்கப் பரவியது.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. டிரைவரை நம்பித்தான் ஆட்கள் கடலுக்குப் போகிறார்கள். டிரைவருக்கு மனதில் ஏதோ கோளாறு என்றால் ஒருவரும் ஏறமாட்டார்கள். ஆள் ஏறாத டிரைவரை ஓனர் வைத்துக்கொள்ள மாட்டார். டில்லிக்குக் கடலைத் தவிர வேறு தொழில் தெரியாது. தடை முடிய இன்னும் சில நாட்களே இருந்தன.

நான் மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "உங்கள் விதியால் டில்லி படகை இழக்கப் போகிறான்."

"எந்த டில்லி?" என்றார் டாக்டர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் நெத்திலி பார்த்தீர்களே, அந்த டில்லி."

 அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு, "இந்தத் தெருவுல நான் மொத்தம் யார் யாருக்கெல்லாம் வணக்கம் வைக்கிறேன் சார்?" என்று மட்டும் கேட்டார். எல்லோருக்கும்தான் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை சும்மா டாக்டர் தெருவில் இறங்கினார். பால்காரரைப் பார்க்கவில்லை. தபால்காரர் குரல் கொடுத்தார், காது கேட்காதவர்போல் மின்கம்பத்தை ஆராய்ந்தார். வாடகைக்கு விட்ட கட்டட உரிமையாளரை ஒரு பூனையைப் பார்த்துக்கொண்டே கடந்தார். மாதா கோயில் சாமியாருக்கும் அதே கதிதான். தன் சொந்த மைத்துனரையே பஸ் நிறுத்தத்தில் தெரியாதவர்போல் விட்டுவிட்டு வந்து, வீட்டில் இரண்டு வேளை சோற்றை இழந்தார் என்று கேள்வி. கதவருகே நின்ற என்னையும் அவர் பார்க்கவில்லை. மாலைத் தேநீரும் நின்றது.

அஞ்சலை கூடையை இறக்கிவைத்துவிட்டு நடுரோட்டுக்கே வந்துவிட்டாள். "இன்னா நைனா, நேத்து வரிக்கும் நல்லாத்தான இருந்த? என்னியப் பாத்து மூஞ்சத் திருப்புற? எனக்கு இன்னா, பைத்தியமா?" டாக்டர் வானத்தில் பருந்து தேடினார். அவள் சுற்றிலும் பார்த்தாள். நேற்றுவரை அவள் ‘கேஸு’ என்று சொன்ன எலக்ட்ரீசியன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். "வா அக்கா, நீயும் வந்துட்டியா!"

வணக்கமே சொத்தாக வைத்திருந்த மனிதர். சில நாட்களில் ‘திமிரு புடிச்ச டாக்டரு’ ஆகிவிட்டார். மாடிப்படி ஏற வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். அவர் கழுத்து மட்டும் இறங்கி வரவில்லை.

தடை முடிந்தது. படகுக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தாயிற்று. டில்லி ஏறி நின்றுவிட்டான். ஆட்கள் கரையிலேயே நின்றார்கள். நானும் பார்க்கப் போயிருந்தேன். படகு ஆள் ஒருவன்தான் ஆரம்பித்தான்.

"டாக்டரு அவனக் கண்டுக்கலப்பா. நான் என் கண்ணால பாத்தேன். எனக்கு பயமாக்கீது."

"ஓனரையும்தான் கண்டுக்கல. நேத்து ஓனரு கை நீட்டிக்கினே நிக்கிறாரு, இவுரு பாட்டுக்கு போறாரு."

"ஓனரு கேஸா?"

"அப்படிப் பாத்தா என்னியும்தான் கண்டுக்கல."

"உன்னியுமா? டேய், என்னியும்டா!"

 ஒவ்வொருவனும் மற்றவனைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"அப்போ இங்க எவன்டா நல்லாக்கீறான்?"

"ஒருத்தனும் இல்ல. ஏறு மாமு, டைம் ஆவுது."

ஏறினார்கள். எஞ்சின் புகை விட்டது. கரையில் எல்லோரும் கடலைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருக்க, ஒரே ஒருவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி, ஐஸ் உடைக்கும் மிஷினை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை நாளில், மாடி அறையைப் பூட்டிவிட்டு, அவ்வளவு தூரம் அந்த மிஷினைப் பார்க்கவே வந்தவர்போல. மிஷின் அப்போது ஓடவில்லை. படகின் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவர் திரும்பவில்லை.

டில்லி போனான், மீனோடு வந்தான், மறுபடி போனான். மழைக்காலம் கழிந்த பிறகு ஒருநாள், அஞ்சலையின் கூடைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து அவனே எல்லாவற்றையும் சொன்னான். நடுக்கடலில் எஞ்சின் நின்று அலையில் மாட்டியதையும், அதன் பிறகு ஸ்டீரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியதையும், பின்படியையும்.

"இப்போ நடுக்கம் போச்சா?" என்று கேட்டாள் அஞ்சலை.

"எப்பவாவது வரும். வந்தா இன்னா பண்ணணும்னு தெரியும். ஆளுங்ககிட்டயே சொல்லிட்டேன், இப்போ அவனுங்களே ‘அண்ணே, மூச்ச விடு’ன்றானுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தான்: "அந்தாளு இன்னிக்கும் ரோட்ல என்னியத் தெரியாதுன்றாருக்கா."

 அஞ்சலை மீன் அரிவதை நிறுத்திவிட்டு, டாக்டரின் மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

எந்தத் தேதியில் தொடங்கியது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரே வழக்கம் இதுதான். இப்போது சும்மா டாக்டர் தெருவில் வந்தால், அவர் கழுத்தைத் திருப்பும் சிரமமே வேண்டாம் என்று, நாங்கள் முந்திக்கொண்டு திரும்பிவிடுகிறோம். பால்காரர் பால் கேனைப் பார்ப்பார். சாமியார் கோபுரத்தைப் பார்ப்பார். லாசர் ஜெபமாலையைப் பார்ப்பார். மனிதர் ராஜாபோல் நடுத்தெருவில் நிம்மதியாக நடந்து போவார்.

போன வாரம் எண்ணூரிலிருந்து அஞ்சலையின் தங்கை வந்திருந்தாள். தெருவே சுவரைப் பார்த்து நிற்பதைக் கண்டு அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாக்கா, அந்தாளோட எல்லாருக்கும் சண்டையா?"

"வாய மூடுடி," என்றாள் அஞ்சலை, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நம்ம டாக்டரு தாண்டிப் போவட்டும்."