குழாய் கேட்ட மூச்சு

"மூச்சு! மூச்சு!"

மேல்மாடியிலிருந்து குழாய் வேலையாள் சிக்கண்ணன் அலறினார். கீழே மெயின் வால்வைப் பிடித்திருந்த குழாய் பிட்டர் ஹயாத் பாஷா திடுக்கிட்டார்.

அரூரில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம் அது. அன்று குழாய்ச் சோதனை. மறுநாள் நடக்கும் முதல் கல்யாணமே மண்டபக்காரர் மாயவனின் மகளுக்கு. பந்திக்கான அரிசி மூட்டைகளை மாடியில் ஏற்றியாகிவிட்டது.

மாயவன் ஓடிவந்தார். "என்னாங்க பாய், இப்படிக் கத்துறாரு?"

"ஒண்ணுமில்லீங்க மொதலாளி. குழாய்ல காத்து அடைச்சிருக்குது. அது மூச்சு வுடணும்னு சொல்றாரு."

பாஷா சொன்னதில் நியாயம் இருந்தது. தண்ணீரை எவ்வளவு அழுத்தினாலும் சுருங்காது. காற்று சுருங்கும். குழாய்க்குள் சிக்கிச் சுருங்கிய காற்று, அமுக்கி வைத்த ஸ்பிரிங் மாதிரி. சமயம் கிடைத்தால் வால்வையே பிடுங்கி எறியும். அதனால்தான் தண்ணீரை மெல்ல விட்டு, உச்சியிலுள்ள குழாயைத் திறந்து வைத்து, முதலில் காற்றை வெளியே தள்ளுவார்கள்.

பாஷா வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

"மூச்ச்ச்சு!"

"பத்தலையாட்டம் இருக்குதுங்க பாய்!" என்றார் மாயவன்.

முழுக்கத் திறந்தார். மேலே 'டப்' என்று ஒரு சத்தம். மாடிப்படியில் தண்ணீர் குதித்து இறங்கியது.

சிக்கண்ணனின் குரல் நின்றுபோயிற்று.

பாஷா வால்வை அப்படியே விட்டார். "மொதலாளி, மூச்சு முட்டுறது குழாய்க்கு இல்லீங்க... அவருக்குத்தான்!"

இருவரும் ஓடினார்கள். மேலே, பிய்ந்த இணைப்பை மார்போடு கட்டிப் பிடித்திருந்தார் சிக்கண்ணன். தண்ணீர் முகத்திலேயே பீய்ச்சியதால் வாய் திறக்க வழியில்லை. கண்கள் மட்டும் பிதுங்கின.

"ஐயையோ, ஆளு போயிருவாரு போல!" என்று மாயவன் அவரை இழுத்துப் படுக்க வைத்தார். தடை விலகியதும் தண்ணீர் நேராக அரிசி மூட்டைகளின் மேல் பாய்ந்தது. பாஷா சிக்கண்ணனின் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அமுக்கினார்.

"வுடு பாய்! வுடு!" என்று திமிறினார் சிக்கண்ணன்.

"நீங்கதாங்க வுடணும், மூச்சை! நல்லா வுடுங்க!"

சட்டென்று தண்ணீர் நின்றது.

சிக்கண்ணனின் ஊர்க்காரியான சித்தாள் குள்ளம்மாள் ஈரக் கையைத் துடைத்தபடி படியேறி வந்தாள்.

"கீழ நானே மூடிட்டு வந்தேனுங்க. அந்த மனுசன் அத்தனை வாட்டி 'முச்சு, முச்சு'ன்னு கத்தியும் ஏனுங்க பாய் தொறந்துகிட்டே போனீங்க, எங்க கன்னடத்துல முச்சுன்னா மூடுன்னு அர்த்தமுங்க!"