பாலாய்ப் பொங்கிய கண்ணேறு

அலங்கார மீன் கடை வாசலில் அன்று நின்ற வரிசையைப் பார்த்திருந்தால், உள்ளே ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள், கண்ணுகளா. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாட்டில். அதற்குள் அவரவர் வீட்டுத் தொட்டித் தண்ணீர். எல்லோரும் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பிப் பவளம் வளர்ப்பவர்கள். படித்தவர்கள், பாவம். அதில் ஒருவர் கண் டாக்டர்.

உள்ளே நாற்காலியில் நாடி ஐயா. மனிதருக்கல்ல, தண்ணீருக்கு நாடி பார்ப்பவர். பாட்டிலுக்குள் விரலை விடுவார், கண்ணை மூடுவார், உதட்டைப் பிதுக்குவார்.

"கண்ணேறு பட்டிருக்கு."

எந்தத் தண்ணீருக்கும் வேறு நோய் வந்ததே இல்லை! மருந்தும் ஒன்றுதான். வெள்ளை மூடிப் புட்டி ஒன்று, நீல மூடிப் புட்டி ஒன்று. ஐயா வீட்டுக்கே வந்து இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் ஊற்றுவார். தொட்டிக்குள் பால் சிந்தியதுபோல் வெண்புகை எழும். "பாருங்க, கண்ணேறு கழண்டு ஓடுது!" என்பார். கூட்டம் வாயைப் பிளக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. தண்ணீரின் சத்தை அளந்து பார்க்கும் சொட்டுமருந்துப் பெட்டியை அவர் பையில் போட்டுவிட வேண்டும். "அளக்கிறது சந்தேகம். சந்தேகப்பட்டா தண்ணி கோவிச்சுக்கும்." நல்லவேளை, கடிகாரத்தை விட்டுவைத்தார். அடுத்த முறை அவர் வரும் நேரம் தெரிய வேண்டாமா?

தையல்காரி ஒருத்தியும் பெட்டியைக் கொடுத்தாள். ஊரார் தோளையும் இடுப்பையும் அரை அங்குலம் பிசகாமல் அளக்கிறவள் அவள்! தொட்டி அவள் கணவனுடையது. கப்பலில் இயந்திரம் பார்க்கிறவன். ஒன்பது வருஷத்துக்கு முன் நகத்தளவு துண்டாக வாங்கிய பவளம் இப்போது ஒரு தலையளவு. "இதுதான் நம்ம மூத்த பொண்ணு, பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறான். மூத்த பெண்ணோ ஓரமெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறாள்.

சனிக்கிழமை காலை நாத்தனார் வந்தாள். நீச்சல்குளத்தில் தண்ணீர் சோதிப்பது அவள் வேலை.

"அண்ணி, நாலு தடவை கண்ணேறு கழிச்சும் இப்படியா இருக்கு?"

"தோஷம் பெருசாம்மா. இன்னிக்கு அஞ்சாவது தடவை."

"அளந்து பாத்தீங்களா?"

"ஐயோ, வாயை மூடு. தண்ணிக்குக் கேட்டுடப் போவுது."

"காது வேற இருக்கா அதுக்கு?"

பத்து மணிக்கு ஐயா வந்தார். பின்னாலேயே பவளக் கூட்டமும் கண் டாக்டரும். கூடத்தில் நிற்க இடமில்லை. ஐயா இரண்டு புட்டிகளையும் எடுத்துத் திறந்தார். நாத்தனார் சமையலறைக் குழாயில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஐயா, முதல்ல இதுல ரெண்டு ரெண்டு சொட்டு விடுங்க."

"எதுக்கும்மா?"

"சும்மாதான். டம்ளருக்கு யாரும் கண்ணு வைக்கல."

கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐயா என்ன செய்வார்? விட்டார். டம்ளர் பாலாய்ப் பொங்கியது.

"வீட்டுக் குழாய்க்கே கண்ணு பட்டிருக்கு," என்றார் ஐயா, அசராமல்.

"சரி. அப்ப உங்க குடிதண்ணி பாட்டில்ல பாத்துடலாம்."

அவர் கை நீள்வதற்குள் அவள் பாட்டிலை எடுத்து, இரண்டு புட்டியிலிருந்தும் சொட்டினாள். அதுவும் பால்!

"அடடா, உங்களுக்கேவா?" என்றது ஒரு குரல். கூடம் குலுங்கியது.

"நான் தினம் நூறு கண்ணு பாக்கிறேன்," என்றார் டாக்டர். "இப்படி ஒண்ண இப்பதான் பாக்கிறேன்."

நாத்தனார் சிரிக்கவில்லை. "இதுல ஒண்ணு சுண்ணாம்புச் சத்து, இன்னொண்ணு சோடா உப்பு. பவளம் வீடு கட்ட ரெண்டும் வேணும். தனித்தனியா, நேரம் விட்டு, அளந்து குடுத்தா சாப்பாடு. சேத்து ஊத்தினா அங்கேயே சுண்ணாம்புத் தூளாகி அடியில விழுந்துடும். பவளத்துக்குப் பட்டினி. மெலிய மெலிய இவர் இன்னும் ஊத்துவார். எங்க அண்ணியோட பெட்டியைக் குடுங்க, ஐயா."

ஐயா பையை மார்போடு அணைத்தார். டாக்டர் மெதுவாக ஜிப்பை இழுத்தார். பிடுங்கிய பெட்டிகள் அத்தனையும் உள்ளே. அவற்றில் ஒன்றில் மட்டும் சொட்டுமருந்து அடிவரை தீர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம், ஐயாவின் கையெழுத்தில்:

"என் தொட்டி. காலையில் வெள்ளை மூடி. மாலையில் நீல மூடி. சேர்க்கவே கூடாது. இன்றைய அளவு எட்டு."

கீழே நேற்றைய அளவு, முந்தாநாள் அளவு. ஒரு நாள்கூட விடுபடவில்லை.

தையல்காரி தன் பெட்டியை எடுத்தாள். தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் ஊற்றி, சொட்டுவிட்டு எண்ணினாள். சத்துள்ள தண்ணீராக இருந்தால் நீலம் மஞ்சளாக எட்டுச் சொட்டு தேவை. ஐந்தாவதிலேயே மஞ்சளாகிவிட்டது. அவள் கண் கலங்கியது.

"பயப்படாதீங்க அண்ணி. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். ஒரே நாள்ல ஏத்தினா அதுவும் தாங்காது."

நிமிர்ந்து பார்த்தால் ஐயாவைக் காணோம். புட்டிகளைக்கூட விட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் பயணப் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மூத்த பெண் பாதி போய்விட்டாள், கண்ணுகளா, அதை மறைக்க மாட்டேன். மீதிப் பாதி பிழைத்துக்கொண்டது. அவன் தொட்டி முன்னால் வெகுநேரம் குந்தியிருந்துவிட்டு, "இன்னிக்கு எத்தனை சொட்டு?" என்று மட்டும் கேட்டான்.

அளக்காதே என்று உங்களிடம் யாராவது சொன்னால், செல்லங்களா, தண்ணீரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவர் பையைத் திறந்து பாருங்கள்.