எழுபத்திரண்டு கிலோ மாப்பிள்ளை

நாற்பது வருஷத்துக்கும் மேலாகக் குதிரைகளோடு இருக்கிறேன். முரட்டுக் குதிரைகளை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சேணத்தைப் பார்த்தாலே அழுகிற குழந்தைகளையும், அவர்களைவிட அதிகமாக அழுகிற அப்பாக்களையும் ஏற்றி, சிரிக்க வைத்து இறக்கியிருக்கிறேன். ஆனால், "சார், நீங்க முதன்முதலா பழக்கின குதிரை எது?" என்று யாராவது கேட்டால் மட்டும் எனக்குத் திடீரென்று இருமல் வந்துவிடும். இருமி இருமி அலுத்துவிட்டது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் பழக்கிய குதிரை, கல்யாணத்தன்று என் அக்காவின் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நாங்கள் பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். எங்கள் முன்னோர்கள் எல்லாரும் குதிரைப்படையில் இருந்தவர்கள் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். இருந்திருக்கலாம். என் அத்தா வாழ்க்கையில் அதிகபட்சம் ஏறியது, கடையில் மேல்தட்டிலிருந்து வற்றல் மிளகாய் எடுக்கிற ஏணிதான். ஏலக்காய் மலையில், வண்டன்மேட்டில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்தொன்பது வயதாகவும் மூளைக்கு ஒன்பது வயதாகவும் இருந்த சமயத்தில், நூர்ஜகான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை பஷீர், பாலக்காட்டு எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்தில் தாய்மாமாவின் புண்ணாக்குக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாது. அந்தத் தாய்மாமா, மொய்தீன் மாமு, சாது இல்லை. நிச்சயத்தன்று தேநீரை உறிஞ்சிக்கொண்டே ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எங்க ஊட்டுல குதிரை இல்லாம மாப்பிள்ளை ஊர்வலம் நடந்ததே இல்லீங்க. மலைமேல குதிரை கெடைக்குமுங்களா?"

அத்தா விழித்தார். நான் வாயைத் திறந்தேன். (திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

"குதிரைதானே மாமு? நான் பாத்துக்கறேன். ஊட்டிப் பந்தயக் குதிரை ஒண்ணை நானே பழக்கிக்கிட்டு இருக்கேன்."

அப்படி ஒரு குதிரை கிடையாது. ஊட்டியையே நான் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். ஆனால் மாமு என்னை மேலும் கீழும் பார்த்து, "ராவுத்தர் ரத்தம்!" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் ஒரு சாண் உயர்ந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் இருந்த குதிரைகள் எல்லாம் பொதி சுமக்கிற மட்டக்குதிரைகள். ஏலத்தோட்டங்களிலிருந்து பச்சைக் காய் மூட்டைகளைச் சுமந்து, உலர்த்துகிற ஸ்டோருக்குக் கொண்டுவரும். கம்பத்துக்காரர் சுருளியண்ணன் ஏழு குதிரைகளை வரிசையாக நடத்துவார். முன்னால் போவது மீனாட்சி என்கிற கிழட்டுப் பெண்குதிரை. அதன் கழுத்தில் மணி. மூடுபனி இறங்கினால் முன்னால் போகிற வாலே தெரியாது என்பதால், மற்ற ஆறும் அந்த மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போகும். கடைசியாக வருவது வெள்ளைச்சாமி. பேருக்கேற்ற வெள்ளை. குளிப்பாட்டினால் மாப்பிள்ளைக் குதிரைதான்.

அதற்கு 'சுல்தான்' என்று பெயர் மாற்றி, பயிற்சியை ஆரம்பித்தேன். தினமும் சாயங்காலம் சுமை இறக்கிய வெறுங்குதிரைகள் லாயத்துக்குத் திரும்பும்போது, வரிசையின் கடைசியில் சுல்தான் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். "போ!" என்பேன், போகும். "நில்!" என்பேன், நிற்கும். (முன்னால் மீனாட்சியும் அதே நேரத்தில்தான் நின்றது என்பதை ஒரு மாதமாக நான் தற்செயல் என்றே நினைத்தேன்.) பத்தே நாளில் கையை விட்டு ஓட்டினேன். இருபதாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன். பரம்பரை ரத்தம் வேலை செய்கிறது என்று எனக்கே புல்லரித்தது.

சுருளியண்ணன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"தம்பி, நீ ஓட்டலப்பா. அது போகுது. நீ சும்மா மேல ஒக்காந்திருக்க."

"பொறாமைப்படாதீங்கண்ணே."

"பொறாமையா? அட, அது முன்னால போயிப் பழக்கமே இல்லாத குதிரப்பா. கல்யாணத்தன்னைக்கு நான் வேணா மீனாட்சியக் கூட்டிக்கிட்டு முன்னால நடந்து வாரேன். பேசாம பின்னாலயே வந்துரும்."

நல்ல மனுஷன். அவர் நல்லதுக்குச் சொன்ன யோசனையை நான் என்ன செய்தேன்? மறுத்துவிட்டேன். பந்தயக் குதிரை என்று சொல்லிவிட்டு, முன்னால் ஒரு பொதிக்குதிரையை நடத்திக்கொண்டு போனால் மானம் என்ன ஆவது?

"அப்பச் சரி," என்றார் அவர். "அன்னைக்குக் காய் எறக்கணும். நான் ஸ்டோருக்குத்தான் போவேன். பெறகு என்னையச் சொல்லாத."

கல்யாண நாள் வந்தது. காலையிலேயே சாரல். மாப்பிள்ளை வீட்டார் கீழ்வளைவில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து மேட்டிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு ஊர்வலம். நிக்காஹ் நடத்திவைக்கக் குமுளியிலிருந்து ஹஜ்ரத் வந்திருந்தார். அவருக்கு மதியம் கம்பத்தில் இன்னொரு நிக்காஹ். பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது. எனவே அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று அத்தா என்னிடம் மூன்று முறை சொல்லியிருந்தார்.

சாக்குச் சேணத்துக்கு மேல் சிவப்பு வெல்வெட் விரித்து, பஷீர் மச்சானை ஏற்றினோம். முகத்தை மறைத்து இடுப்புவரை தொங்கும் பூச்சரம். அதற்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஏனுங்க சலீமு, கடிக்குமுங்களா?"

"கடிக்காது மச்சான். சொன்னபடி கேக்கும்."

முன்னால் தப்ஸ் கொட்டு அடிக்கிறவர்களும் பைத்துப் பாட்டு பாடுகிறவர்களும் நகர்ந்தார்கள். நான் கம்பீரமாக, "சுல்தான், போ!" என்றேன்.

சுல்தான் என்னைப் பார்த்தது. பிறகு ரோட்டைப் பார்த்தது. முன்னால் வாலும் இல்லை, மணியும் இல்லை. அதன் அகராதியில் அது புறப்படுகிற நேரம் இல்லை. தட்டினேன், தள்ளினேன், வெல்லம் காட்டினேன். வெல்லத்தைத் தின்றுவிட்டு நின்றது. தப்ஸ்காரர்கள் அரை பர்லாங் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். மொய்தீன் மாமு குடைக்குள்ளிருந்து கேட்டார்.

"ஏனுங்க தம்பி, பந்தயக் குதிரைன்னீங்களே. பந்தயம் எப்பங்க ஆரம்பிக்கும்?"

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அத்தா கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. எங்கள் கடையில் மாட்டுக்குக் கட்டுகிற மணி இருக்கிறதே! ஓடிப்போய் எடுத்து வந்து, என் கல்யாண வேட்டிக்கு மேல் இடுப்பில் கட்டிக்கொண்டு, குதிரைக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு எட்டு வைத்தேன். கிணிங், கிணிங். பின்னால் குளம்புச் சத்தம்!

மணி ஒழுங்காக ஒலிக்க வேண்டுமென்றால் இடுப்பை ஆட்டி நடக்க வேண்டும். மீனாட்சி நடப்பது போலவே நடந்தேன். ராவுத்தர் வம்சத்தில் மனிதன் குதிரைக்கு முன்னால் மணி கட்டிக்கொண்டு நடந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமு மட்டும், "இது ஊட்டி வழக்கமுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பாதி தூரம் நன்றாகவே போனது. இடதுபக்கம் ஏறினால் எங்கள் வீடு, வலதுபக்கம் இறங்கினால் ஏலக்காய் ஸ்டோர். அந்த முக்குக்கு வந்தபோது தோட்டத்துப் பாதையிலிருந்து வேறொரு மணிச் சத்தம் கேட்டது. மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, தலை குனிந்தபடி சுருளியண்ணன் வருகிறார். பின்னால் மீனாட்சி. அதன் பின்னால் மூட்டைகளோடு ஐந்து குதிரைகள். ஐந்தாவதின் வாலுக்குப் பின்னால் ஓர் இடம் காலி.

வெள்ளைச்சாமி ஒரு கணம் என் மணியைக் கேட்டது. அடுத்த கணம் மீனாட்சியின் மணியைக் கேட்டது. அவ்வளவுதான். என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு, தன் இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டு, வலதுபக்கம் இறங்கிவிட்டது. மாப்பிள்ளையோடு.

"சுல்தான்! சுல்தான்!" என்று கத்தினேன். அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை. சாக்குக்குள் இருந்த சுருளியண்ணனுக்குக் காது கேட்கவில்லை. சரிவில் சுமையோடு இறங்குகிற குதிரைகள் நல்ல வேகத்தில் போயின. நான் இடுப்பு மணி கிணுகிணுக்க வழுக்கி வழுக்கி ஓடினேன். என் பின்னால் குடைகளோடு ஊர்வலம் மொத்தமும் ஓடிவந்தது. தப்ஸ்காரர்களில் ஒருவர் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டே அடித்தார்.

பூச்சரத்துக்குள் இருந்த மச்சானுக்கு ஒன்றுமே தெரியாது. பிற்பாடு கேட்டபோது சொன்னார்: "சத்தமெல்லாம் கொறஞ்சுதுங்க. சரி, ஊடு வந்துடுச்சாட்ட இருக்குது, மரியாதைக்கு நிறுத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

ஸ்டோரில் வெள்ளைச்சாமி தன் கடமையைச் சரியாகச் செய்தது. எடைபோடுகிற இரும்பு மேடையோரம் போய்ப் பக்கவாட்டில் நின்றது. சுமை இறங்கும்வரை அது நகராது. "இறக்கி விடுங்க, இறக்கி விடுங்க" என்று பூவுக்குள்ளிருந்து குரல் வந்ததும், சுமைக்காரர்கள் இருவர் பயந்துபோய் மச்சானைத் தூக்கினார்கள். தூக்கியதை எங்கே வைப்பார்கள்? தினமும் வைக்கிற இடத்தில் வைத்தார்கள். எடைபோடுகிற பெரியவர் முப்பது வருஷமாக முள்ளைத்தான் பார்ப்பார், மூட்டையைப் பார்க்க மாட்டார். நான் மூச்சிரைக்க உள்ளே நுழையும்போது அவர் குரல் ஸ்டோர் முழுக்க ஒலித்தது.

"எழுபத்திரண்டு கிலோ. ஈரம் ஜாஸ்தி. தனியா வை!"

சாரலில் நனைந்து, மூட்டைபோல உட்கார்ந்திருந்தார் மச்சான். பின்னாலேயே ஊர்வலம் வந்து சேர்ந்தது. சுமைக்காரர் ஒருவர் வாய்பிளந்து, "வெள்ளைச்சாமி இன்னைக்கு மாப்பிள்ளையப் பொதி ஏத்திட்டு வந்திருக்குடா!" என்றார். மாமுவின் காதில் விழுந்துவிட்டது.

"வெள்ளைச்சாமியா? பொதிக்குதிரைங்களா இது?" மாமு குடையை மடக்கினார். "எங்க ஊட்டுப் பையனைப் புண்ணாக்கு மூட்டையாட்டம் எடை போட்டுட்டீங்க! பஷீரு, எந்திரி. வேனைத் திருப்பச் சொல்லு. இந்தச் சம்பந்தமே வேண்டாம்."

அத்தா என்னைத் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி நீரை உதறி மறுபடி வைத்துக்கொண்டார். மேட்டில் அக்கா மருதாணிக் கையோடு உட்கார்ந்திருப்பாள். என் வாய்ச்சவடால் அவள் கல்யாணத்தைத் தின்றுவிட்டது என்று அப்போது எனக்கு உறைத்தது. வெட்கம் தாங்கவில்லை. மாமு முன்னால் போய் நின்று, "தப்பு என்னோடது மாமு. ஊட்டிக் குதிரைன்னு சொன்னது பொய். அத்தாவுக்கு எதுவும் தெரியாது," என்று அழுதேவிட்டேன். அழ அழ, இடுப்பு மணி வேறு கிணுகிணுத்தது.

அப்போது எடைமேடை மேலிருந்து மச்சான் பூச்சரத்தை விலக்கினார். முதன்முறையாக அவர் உரக்கப் பேசியதைக் கேட்டேன்.

"மாமு, நாம யாவாரிங்க. எடை போட்டு ஒத்துக்கிட்ட சரக்கை யாராச்சும் திருப்பி எடுத்துட்டுப் போவாங்களா? ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றதுங்க? ஈரம் ஜாஸ்தின்னு தள்ளிட்டாங்கன்னா?"

எடைபோடுகிற பெரியவர் அவசரமாக, "தள்ளல, தள்ளல. காயவச்சா முதல் தரம்," என்றார்.

மாமு எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். மீசைக்குக் கீழே சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஊர்வலத்தோடு வந்திருந்த ஹஜ்ரத் அதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார்.

"பொண்ணுகிட்ட காலையிலேயே சம்மதம் வாங்கியாச்சு. பொண்ணோட அத்தா இங்க, சாட்சிக இங்க, மாப்பிள்ளை இங்க. பஸ்ஸும் இந்த வாசல்லதான் நிக்கும். எல்லாரும் உக்காருங்க."

ஏலக்காய் மூட்டைகள் மேல் உட்கார்ந்து நிக்காஹ் நடந்தது. ஹஜ்ரத்துக்குப் பஸ் கிடைத்தது. மேட்டில் அக்காவுக்குச் செய்தி போனது எப்படியென்றால், பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடிவந்து, "நூரு, நிக்காஹ் முடிஞ்சிருச்சு!" என்றிருக்கிறார். "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டதற்கு, "எடை போட்டுட்டாங்களாம், இனி வந்துருவாரு."

வீட்டுக்கு வரும்போதும் மச்சான் குதிரைமேல்தான் வந்தார், அவரே கேட்டு ஏறினார். சுருளியண்ணன் மீனாட்சியோடு முன்னால் நடக்க, ஏழு குதிரை ஊர்வலம். அப்படி ஓர் ஊர்வலத்தை வண்டன்மேடு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நான் எட்டாவதாக, வரிசையின் கடைசியில் நடந்தேன். மணியைக் கழற்றச் சுருளியண்ணன் விடவில்லை.

மறுநாள் காலையில் லாயத்துக்குப் போய், "அண்ணே, நிசமாவே கத்துக்கணும்," என்றேன். அவர் சாணம் வாருகிற கூடையைக் காட்டினார். ஆறு மாதம் வாரினேன். என் குதிரை வாழ்க்கை தொடங்கியது அந்தக் கூடையில்தான். இன்றும் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது ஒன்றுதான்: குதிரை போவது வேறு, நீங்கள் ஓட்டுவது வேறு.

வருஷங்கள் கழித்து அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆசையாகக் குதிரை கேட்டார்கள். பெண்ணின் தாய்மாமனே குதிரைப் பயிற்சியாளன், என்னிடமே நான்கு குதிரைகள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "கார் போதும்," என்றாள். கார் ஏற்பாடானது. அதோடு விட்டாளா? டிரைவரின் ஜன்னலில் குனிந்து கேட்டாள்:

"தம்பி, வழியில மணி அடிச்சுக்கிட்டு ஐஸ் வண்டி ஏதும் போனா, அது பின்னாலயே போயிட மாட்டீங்கல்ல?"

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. வீடு முழுக்கச் சிரித்தது. சாயங்காலம் மகளை அனுப்பிவைத்துவிட்டு மச்சான் பந்தல்காலோரம் தனியாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் கேட்கும் முன்பே அவரே சொன்னார்:

"ஒண்ணுமில்லீங்க சலீமு. ஈரம் ஜாஸ்தி."